ஆரணி ஆடுவாளா என்று பார்க்கப் போனேன்

ஜெர்மனிக்குப் போகிறேன் என்று சொன்னதும் சாவகச்சேரி ஓட்டோத் தரிப்பிடத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்கையே நிண்டிடுவியோ?" இல்லை, கூடைப்பந்து பார்க்கப் போகிறேன், பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. எனக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் செல்வம், "சொல்லுறதுக்கு வேறை பொய் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டான்.

ஆனால் அது உண்மை. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணையின் மகள் ஆரணி அங்கே ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். கோடை விடுமுறையில் அந்த அணி ஹம்பேர்க், ஹனோவர், பீலெஃபெல்ட் என்று மூன்று ஊர்களில் சிநேகபூர்வ ஆட்டம் ஆட வந்தது. பீலெஃபெல்ட்டில் எங்கள் வசந்தி அக்கா குடியிருக்கிறார். அண்ணைக்கு வேலையை விட்டு வர முடியவில்லை. அக்கா எதையும் கூட்டிச் சொல்லுவார் என்று, டிக்கெட் போட்டு என்னை அனுப்பினார்.

"நீ போய்ப் பார். அவள் விளையாடுறாளோ, இல்லாட்டி கரையிலை வாங்கிலை குந்திக்கொண்டு கை தட்டுறாளோ எண்டு எனக்குச் சொல்லு. ரெண்டு வருசமா டீமிலை இருக்கிறாள். ஒருநாளும் அவளை ஆட்டத்துக்கு இறக்கிறதை நான் காணேல்லை. அவளைக் கேட்டால் 'சூன் அப்பா, சூன்' எண்டுறாள். இந்த முறையும் வாங்குதான் எண்டால், விட்டிட்டு மெடிசின் சோதினைக்குப் படிக்கட்டும்."

ஆரணியிடமும் இதையே சொல்லியிருந்தார். ஆகவே என் கண்ணால் பார்த்து என் வாயால் சொல்வதுதான் அந்தப் பிள்ளையின் அடுத்த வருடம். கண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வாய்தான் வராது. ஓட்டோவில் ஏறுகிறவர்கள் கிளிநொச்சி வரை போனாலும் என்னிடமிருந்து "எங்கை இறங்கிறியள்?" என்பதற்கு மேல் ஒரு சொல் கேட்டிருக்கமாட்டார்கள். அண்ணை பேசினாலோ நான் "ஓம்" மட்டும்தான்.

விமான நிலையத்திலிருந்து அக்காவின் மகள் யாழினி காரில் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அங்கேயே பிறந்து வளர்ந்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிறவள். வழியில், "மாமா, பீலெஃபெல்ட் எண்டு ஒரு ஊரே இல்லையெண்டு ஜெர்மன்காரர் பகிடி விடுவினம்" என்றாள். வேலை வெட்டியை விட்டுவிட்டு இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் இருந்தது. அக்காவும் இருந்தார். குத்தரிசிச் சோறும் மீன்குழம்பும் இருந்தன. மீன் மட்டும் எந்தக் கடல் மீன் என்று பிடிபடவில்லை. முள்ளே இல்லாமல் பஞ்சு மாதிரி இருந்தது.

இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளியே வெயில் எறித்தது. யாழினியோடு நடக்கலாம் என்று இறங்கினேன். சந்தியில் நடப்பவர்களுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வாகனம் இல்லை. கடந்தேன். பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். யாழினி மொழிபெயர்த்தாள்: "சின்னப் பிள்ளையள் பாத்துப் பழகிடுவினமாம்." திரும்பிப் பார்த்தேன். ஒரு பிள்ளையையும் காணவில்லை. ஆனாலும் மறுபடி இந்தப் பக்கம் வந்து பச்சை எரியும்வரை அவரோடு நின்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் ஹம்பேர்க் ஆட்டம். ரயிலில் போனோம். எங்கள் பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று மேடையில் ஏ, பி என்று எழுத்துகளோடு படம் போட்டிருந்தது. எல்லோரும் அவரவர் எழுத்துக்கு நேரே ஒழுங்காக நின்றார்கள். நான் வியந்துகொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. "ஐயோ, பெட்டியளை மாறிக் கொழுவிப்போட்டினமாம்" என்றாள் யாழினி. அந்தத் தலையில் நின்ற சனமெல்லாம் இந்தத் தலைக்கும், இந்தத் தலையில் நின்றவர்கள் அந்தத் தலைக்கும் பயணப் பைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவரும் ஒருவரை ஏசவில்லை. கொடிகாமம் பஸ் நிலையத்தில் இப்படி நடந்தால் மூன்று குடும்பங்கள் பரம்பரைப் பகையாகியிருக்கும்.

ஹம்பேர்க் பெரிய ஸ்டேசனுக்கு அருகே ஒரு பஞ்சாபிக் கடையில் சமோசா வாங்கித் தின்றோம். மழை தூறியது. அக்கா கடைக்குள் போய்ப் பச்சை மிளகாயின் விலையைக் கேட்டு, பீலெஃபெல்ட்டில் மலிவு என்று தமிழில் அந்தப் பஞ்சாபிக்காரருக்கு அறிவித்துவிட்டு வந்தார்.

விளையாட்டு மண்டப வாசலில் நாங்கள் போனபோது அணியின் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். வாசற்காரர் தலையாட்டித் தலையாட்டி உள்ளே விட்டார். கடைசியில் ஆரணி. அதே உடுப்பு, அதே பை. அவர் கையை நீட்டி மறித்து, டிக்கெட் வாங்குகிற ஜன்னலைக் காட்டினார். அவள் முகம் மாறவில்லை. பையைத் திருப்பி அதில் இருந்த தன் இலக்கத்தைக் காட்டினாள். பல நாளாகச் செய்து பழகியவள் காட்டுகிற மாதிரி இருந்தது.

உள்ளே போக முதல் எங்களைக் கண்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "சித்தப்பா, வாங்கோ. மாமி, யூ லுக் சோ யங்." அவளுடைய தமிழ் பாதி தூரம் வந்து ஆங்கிலத்தில் ஏறிக்கொள்ளும்.

"உவன் ஏன் உன்னை மறிச்சவன்?" என்றார் அக்கா.

"எல்லா இடத்திலும் அப்பிடித்தான் மாமி. நான் பிளேயர் மாதிரி இல்லையாம். புள்ளிக் கணக்கு எழுத வந்தவள், இல்லாட்டி டீம் டொக்டரின்ரை மகள் எண்டு நினைப்பினம். வெளி ஊருக்குப் போனால் பாக்க வந்த சனமே கத்தும், 'ஹோம்வேர்க் செய்திட்டியா' எண்டு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "எங்கடை டீமிலை ஏசியன் நான் ஒராள்தான். எதிர் டீம் என்னை மறிக்க வராது. அது நல்லது. ஆனால் மறிக்காமல் விடுறதுக்கு முதல் என்னை இறக்க வேணுமே."

இறக்கவில்லை. எனக்குக் கூடைப்பந்து தெரியாது. ஊரில் பெண் பிள்ளைகள் விளையாடும் வலைப்பந்து பார்த்திருக்கிறேன். அதில் பந்தோடு ஓடக்கூடாது. இதில் ஓடாவிட்டால்தான் குற்றம். அதனால் பந்தை விட்டுவிட்டு ஆரணியையும், அடிக்கடி அவள் பார்க்கிற அந்தக் கோச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோச் ஒரு பெண்மணி. வாய் திறப்பது குறைவு. விரலைக் காட்டினால் ஒரு பிள்ளை எழும்பும், உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். ஆரணி வாங்கின் கடைசியில் இருந்தாள். யாராவது பந்து போட்டால் முதலில் எழும்பிக் கை தட்டினாள். வெளியே வருகிறவர்களுக்குத் துவாய் நீட்டினாள். விரல் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

ஆட்டம் முடிந்ததும் அண்ணையிடமிருந்து போன் வந்தது. "என்ன மாதிரி?"

"வெற்றி எங்களுக்குத்தான் அண்ணை."

"நான் கேட்டது அதில்லை."

"பிள்ளை நல்ல உசாராய் இருக்கிறாள்."

"தம்பி."

"வாங்கிலை இருந்தவள்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஹனோவருக்கு யாழினி காரில் கூட்டிக்கொண்டு போனாள். அவுட்டோபான் என்கிற அந்தப் பெருந்தெருவில் சில இடங்களில் வேகத்துக்குக் கட்டுப்பாடே இல்லை. நான் தொழில்முறைச் சாரதி. இருந்தாலும் முன்சீற்றில் இருந்து காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். பின்னால் அக்கா, வழியில் தின்னப் பொரித்த மட்டன் ரோல்ஸ் டப்பாவை மடியில் வைத்து நித்திரை கொண்டார்.

அங்கே எனக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் வேலை. கூடைப்பந்தில் பைத்தியமாம். "சார், நீங்க ஸ்ரீலங்காவா? யாராவது தெரிஞ்சவங்க ஆடுறாங்களா?" ஆரணியைக் காட்டினேன். "அட, அந்தப் பொண்ணு பிளேயரா? நான் டீமோட இன்டர்ப்ரெட்டர்னு நினைச்சேன், சாரி சார்." பிறகு, "என்ன படிக்கிறாங்க?" என்றார். அவளைச் சுற்றி இருந்த எந்தப் பிள்ளையைப் பற்றியும் அவர் அதைக் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆட்டத்தின் சட்டதிட்டங்களை எனக்குப் பொறுமையாக விளக்கினார். அரைவாசி விளங்கியது.

முடிவதற்குச் சற்று முன் விரல் ஆரணியைக் காட்டியது. அக்கா எழும்பிவிட்டார். ஆரணி உள்ளே ஓடினாள், அங்கும் இங்கும் நின்றாள், கையை நீட்டினாள். பந்து அவளிடம் வரவேயில்லை. மணி அடித்துவிட்டது.

"ஒரு நிமிசமோ?" என்றார் அண்ணை போனில். "பந்தைத் தொட்டவளோ?"

"இல்லை."

"அப்ப முடிஞ்சுது. நாளைக்கு பீலெஃபெல்ட்டையும் பார். பாத்திட்டுச் சொல்லு. நான் அவளோடை கதைக்கிறன்."

அடுத்த நாளைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். பீலெஃபெல்ட்டில் ஆரணியின் உறவினர்கள் இருப்பதை அறிந்த கோச், அணிக்கு ஒரு மதியச் சாப்பாடு தரமுடியுமா என்று கேட்டிருந்தார். பின்னேரம் ஆட்டம் இருப்பதால் பாரமில்லாத சாப்பாடாக இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தார். யாழினி அதை அப்படியே அக்காவுக்குத் தமிழில் சொன்னாள்.

"ஓம், விளங்குது. பிரியாணி போடேல்லை" என்றார் அக்கா. "குடும்ப டொக்டரைப் பாக்க எடுத்த டெர்மினையும் வேறை நாளுக்குத் தள்ளிப்போட்டன்."

தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற மண்டபத்தில் மேசைகள் போட்டார்கள். அக்காவின் சிநேகிதிகள் இரண்டு நாளாகவும் அக்கா இரவிரவாகவும் சமைத்த பாரமில்லாத சாப்பாடு வந்து இறங்கியது. மட்டன் ரோல்ஸ், மீன் கட்லட், இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி, கோழிப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, உழுந்து வடை, பாயாசம். அமெரிக்கப் பிள்ளைகளுக்காக உறைப்பைக் குறைத்திருந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. உறைத்திருந்தால் கொஞ்சத்தோடு நிறுத்தியிருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகள் மரியாதையானவர்கள். விருந்துக்குப் போனால் சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சம் வைக்கக்கூடாது என்று அவர்கள் வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். எங்கள் பெண்களோ வெறுங் கோப்பையைக் கண்டால் பொறுக்கமாட்டார்கள். பிள்ளைகள் வழித்துத் துடைத்தார்கள், இவர்கள் போட்டார்கள். பிள்ளைகள் "சோ குட்" என்றார்கள், இவர்கள் இன்னொரு அகப்பை போட்டார்கள். ஆரணியின் இடத்தில் வழக்கமாக ஆடுகிற பிள்ளைக்கு மெகன் என்று பெயர். அவள் ரோல்ஸ் தின்ற வேகத்தைப் பார்த்து அக்காவின் சிநேகிதி ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தாய் சமைச்சுக் குடுக்கிறேல்லைப் போலை" என்று அவளுக்கென்று ஒரு தட்டைத் தனியாக வைத்தார். கோச்சும் தப்பவில்லை.

ஆரணி மட்டும் இரண்டு கையாலும் கோப்பையை மூடி, அதன் மேல் குனிந்து, "காணும் மாமி, காணும் மாமி" என்றாள். இடியப்பத்துக்குள் குழி தோண்டி, கறியை அதற்குள் மறைத்து, நிறையத் தின்ற மாதிரிக் காட்டினாள். இது எங்கள் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்த வித்தை. இடையில் எழும்பி மற்றப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் எச்சரிக்கையும் செய்தாள். அக்கா கண்டுவிட்டார்.

"நீ சும்மா இரு பிள்ளை. உதுகளின்ரை உடம்பைப் பார். காத்தைக் குடிச்சோ வளந்ததுகள்?"

பின்னேரம் விளையாட்டு மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சனம் நிறைந்திருந்தது. அக்கா தேநீர்ப் போத்தலோடு முன்வரிசை. எதிர் அணி அந்த ஊர் ஜெர்மன் பிள்ளைகள். மதியம் அவர்கள் என்ன தின்றார்களோ தெரியாது, மான் மாதிரி ஓடினார்கள். எங்களுடைய பிள்ளைகள் கோயிற்தேர் மாதிரி நகர்ந்தார்கள். ஒருத்தி பாய்ந்து பந்தை எடுக்க வேண்டிய இடத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி இடுப்பில் கை வைத்தாள். எதிர் அணி போட்டுக்கொண்டே போயிற்று. மெகன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"பாவம், வெயில் ஒத்துக்கொள்ளேல்லைப் போலை" என்றார் அக்கா.

"அம்மா, ரோல்ஸ்" என்றாள் யாழினி.

கோச் வாங்கு முழுவதையும் பார்த்தார். அங்கேயும் இரண்டு பேர் சாய்ந்து கிடந்தார்கள். விரல் கடைசிக்குப் போயிற்று.

ஆரணி இறங்கினாள். அவள் சொன்ன மாதிரியே அவளை மறிக்க ஒருத்தியும் வரவில்லை. தூரத்தில் தனியே நின்று முதலாவதை எறிந்தாள். வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவதும் போகவில்லை. யாரோ தட்டி விழுந்தாள், எழும்பினாள். மூன்றாவது எறி வளையத்தில் முட்டாமல் இறங்கியது. எங்கள் சனம் எழுப்பிய சத்தத்தில் நடுவர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொட்டாலே கைதட்டல். ஒருமுறை நடுவர் விசில் ஊதி அவளைக் காட்டினார், அவள் கையை உயர்த்தினாள். பரிசு கிடைத்ததாக நினைத்து அக்கா எழும்பி நின்று தட்டினார்.

"அம்மா, அது பிழை. அவள் மற்றவளுக்கு அடிச்சுப்போட்டாள்."

"அடிச்சால் என்ன? உவையள் தள்ளேக்கை ஒருதரும் ஊதேல்லையே."

இடைவேளைக்குப் பிறகு ஜெர்மன் பிள்ளைகள் அவளை மறிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி போதாமல் இரண்டு பேர் வந்தார்கள். ஆரணி அவர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, வெறுமையாக நிற்கிறவளிடம் பந்தைக் கொடுத்தாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள். பெரிய வித்தியாசத்தில் பின்னுக்கு நின்றவர்கள் கிட்ட வந்துவிட்டார்கள். ஆனாலும் முடிவில் தோல்விதான். எங்கள் சனம் அதைக் கவனிக்கவில்லை. மாலை போடாத குறை.

வெளியே பஸ்சுக்குப் பக்கத்தில் ஆரணி நின்றாள். தலை முழுவதும் வியர்வை. சந்தோசமாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். இல்லை.

"சித்தப்பா, அப்பாவிட்டை இதைப் பெரிசாய்ச் சொல்லாதேங்கோ."

"ஏன்?"

"இது கணக்கில்லை. எல்லாருக்கும் வயித்தைக் கெடுத்துப்போட்டு நான் விளையாடினது. டீமிலை எல்லாரும் பகிடி பண்ணுகினம், 'உன்ரை ஆன்ட்டி உனக்காகச் செய்தவ' எண்டு. சாப்பாட்டாலைதான் என்னை இறக்கினது. உண்மையைச் சொல்லுங்கோ. அப்பா என்ன முடிவெடுத்தாலும் ஓகே." ஓகே என்கிற முகமில்லை.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. அண்ணை.

"என்ன மாதிரி?"

"விளையாடினவள் அண்ணை."

"எவ்வளவு நேரம்?"

"தொடக்கத்திலை கொஞ்சம் போக, மிச்சம் முழுக்க."

"என்னண்டு திடீரெண்டு?"

ஆரணி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். சொன்னேன். ரோல்ஸ், இடியப்பம், ஆட்டிறைச்சி, மெகன் வெளியே ஓடினது எல்லாம் சொன்னேன்.

"ஓ" என்றார் அண்ணை. "அப்ப அக்காவின்ரை சாப்பாட்டாலை வந்த விளையாட்டு. சரி, விளங்குது."

அண்ணை விளங்குது என்று சொன்னால் நான் அதற்கு மேல் பேசுகிறவன் இல்லை. ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லை அண்ணை, நில்லுங்கோ. இறங்கினது சாப்பாட்டாலைதான். ஆனால் அந்த மெகன் எண்ட பிள்ளைக்குப் பிறகு சுகம் வந்திட்டுது. இடைவேளைக்குப் பிறகு வந்து, மேற்சட்டையைக் கழட்டிப்போட்டு, நான் போறன் எண்டு எழும்பி நிண்டவள். கோச் அவளுக்கு உள்ளங்கையைக் காட்டினவ. இரு எண்டு. கொஞ்ச நேரத்தாலை திரும்பவும் எழும்பினவள். திரும்பவும் இருத்தினவ. கடைசி மட்டும் எங்கடை பிள்ளையை வெளியிலை எடுக்கேல்லை."

என் வாழ்நாளில் அண்ணையிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இல்லை.

ஆரணி கட்டியிருந்த கையை விட்டாள். "என்ன? மெகன் எழும்பினவளோ? நான் காணேல்லை."

"நீ உள்ளுக்கை நிண்டனி. எனக்குப் பந்து விளங்காது. நான் உன்னையும் அவவின்ரை கையையும்தான் பாத்துக்கொண்டிருந்தன்."

போனுக்குள் அண்ணையும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அவளிட்டைக் குடு" என்றார்.

கொடுத்தேன். அப்பாவும் மகளும் ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் முதலில் அவர் சொன்னதையே கேட்டுக்கொண்டு நின்றாள், பிறகு கொஞ்சம் சொன்னாள், பிறகு மற்றப் பக்கம் திரும்பி நின்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை எப்போதோ காய்ந்துவிட்டது. பஸ் ஜன்னலைத் தட்டி, மெகன் அவளை வரச்சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

போனை என்னிடம் நீட்டினாள். அண்ணை வைத்துவிட்டிருந்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"அடுத்த வருசம் மாட்ச் பாக்கத் தானே வாறாராம்." பஸ் படியில் ஏறினவள் திரும்பினாள். "மாமியைக் கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டும் கேட்டவர். வாறதெண்டால் மற்ற டீமுக்குச் சமைக்கச் சொல்லுங்கோ எண்டு சொல்லிட்டன்."